பதினான்கு இடங்களில் ‘ஒரு நண்பர்’

கதிர்காமநாதன் அங்கிள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மெல்பர்னின் புறநகரான ரோவில்லிலிருந்து பஸ் பிடித்து ஸ்பிரிங்வேல் நூலகத்துக்கு வருவார். அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் கூடித் தமிழ்ப் புத்தகங்களைப் பற்றிப் பேசுவோம். மகன் நரேன் காரில் கொண்டுவந்து விடுகிறேன் என்றாலும் கேட்கமாட்டார். யாழ்ப்பாணத்தில் முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். மனைவி இறந்த பிறகு மகன் வீட்டோடு இருந்தார். கூட்ட அறிவிப்பில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தால் சிவப்புப் பென்சிலால் திருத்தி, ஒன்றும் சொல்லாமல் என் பக்கம் நகர்த்தி வைப்பார். அதிகம் பேசாத மனிதர். பேச ஆரம்பித்தால் அரசியல்தான். 1951-ல் இந்த நாட்டில் கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்யலாமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள், நம் விக்டோரியாவும் இன்னும் இரண்டு மாநிலங்களும் வேண்டாம் என்று சொல்லித் தோற்கடித்துவிட்டன என்பதை மட்டும் எனக்குத் தெரிந்தே நாலைந்து தடவை சொல்லியிருக்கிறார். ஏதோ தானும் வரிசையில் நின்று வாக்குப் போட்ட மாதிரி ஒரு பெருமை.

நான் கிரிஜா, திருச்சிக்காரி. மெல்பர்னுக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. வேலை சாஃப்ட்வேர். தமிழில் பக்கம் அமைக்கத் தெரியும் என்பதால் விழா மலர், நினைவு மலர், கல்யாணப் பத்திரிகை எல்லாம் என்னிடம் வந்து சேரும். மகாதேவன் அங்கிளின் புத்தகமும் அப்படித்தான் வந்தது. நடந்ததில் என் கைக்கும் பங்கு உண்டு.

மகாதேவன் அங்கிளும் அந்தக் கூட்டத்துக்கு வருகிறவர், ஸ்பிரிங்வேலிலேயே இருந்தார். எண்பத்தொரு வயது. இங்கே தபால் பிரிக்கும் நிலையத்தில் இருபது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் தாரகா நர்ஸ், அவளோடுதான் வாசம். அவருக்கு இடது கை நேராக நீளாது. இரண்டு கையால் ஏந்த வேண்டிய தட்டைக்கூட வலது கையால் மட்டும்தான் வாங்குவார். அந்தக் கை எப்படி அப்படி ஆனது என்பதுதான் அவர் எழுதிய புத்தகம்.

1968-ல் யாழ்ப்பாணத்துப் பக்கம் பல கோயில்களில் அவருடைய சாதிக்காரர்கள் வாசல் தாண்ட முடியாது. தேநீர்க் கடையில் மற்றவர்களுக்குக் கிளாஸ், இவர்களுக்குப் பேணி என்னும் தகரக் குவளை. அதை எதிர்த்துக் கிளம்பியவர்களில் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்கள் முன்னால் நின்றார்கள். மகாதேவன் அதில் ஒருவர். கதிர்காமநாதனும் அதில் ஒருவர். ஆனால் இவர் வாசலைத் திறந்துவிட வேண்டிய மேல்சாதிப் பக்கத்தில் பிறந்தவர். இருபத்துமூன்று வயது, புது வாத்தியார். கோயிலுக்குள் நுழையப் போன அன்று, வாசலில் பொல்லுத் தடிகளோடு வந்தவர்களில் அவருடைய சொந்தச் சித்தப்பாவும் இருந்தார். மகாதேவனின் கை முறிந்தது அன்றைக்கு. கதிர்காமநாதன் அவரைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்து ஏழு மைல் ஓட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அதன்பிறகு இரண்டு வருஷம் கதிர்காமநாதனை அவருடைய அப்பா வீட்டுப் படியேற விடவில்லை.

இதையெல்லாம் அவர் என்னிடம் சொன்னதில்லை. மகாதேவன் அங்கிளின் கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்தபோதுதான் தெரிந்துகொண்டேன். புத்தகத்தின் கடைசியில் கதிர்காமநாதன் எழுதிய அத்தியாயம் ஒன்றும் இருந்தது. பதினொரு பக்கம், கோடு போட்ட தாளில், கணக்கு வாத்தியார் கையெழுத்து. மேல்சாதியிலிருந்து வந்து நின்ற ஒருவன் தன் சொந்த வாயால் சொல்லும் பக்கங்கள் அவை. அது இருந்தால்தான் புத்தகம் முழுசு என்று மகாதேவன் அங்கிள் அவரை மூன்று மாதம் விடாமல் நச்சரித்து எழுதி வாங்கியிருந்தார்.

அதே சமயத்தில் இன்னொரு காரியமும் நடந்துகொண்டிருந்தது. கதிர்காமநாதன் அங்கிளின் மகள் சயந்தினி அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிறாள், அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றவள். அண்ணாவோடு இத்தனை வருஷம் இருந்துவிட்டீர்கள், இனி என்னோடு இருங்கள் என்று அப்பாவைக் கூப்பிட்டாள். அவருக்கும் ஆசைதான். கிரீன் கார்டுக்கு விண்ணப்பம் போட்டார்கள். இங்கே படிவங்களை நிரப்பியது நரேன். பக்கம் பக்கமாகக் கேள்விகள். பயங்கரவாதியா, போதைப்பொருள் கடத்தினீரா என்றெல்லாம் கேட்டு வந்த வரிசையில், கம்யூனிஸ்ட் கட்சியோடு உமக்குத் தொடர்பு உண்டா என்றும் ஒரு கேள்வி இருந்தது.

நரேன் சிரித்துக்கொண்டே அதை அப்பாவுக்கு வாசித்திருக்கிறான். அவர் சிரிக்கவில்லை. ஒன்பது வருஷம் கட்சியில் இருந்ததாகச் சொன்னார். 1975-ல் விட்டதாகவும் சொன்னார். நரேன் பிறந்தது அதற்குப் பிறகு. அவனுக்கு இது ஒன்றும் தெரியாது.

நரேனைக் குறை சொல்வது சுலபம். அகதியாகப் படகில் வந்த அவனுடைய நண்பன் ஒருவனை, இன்ன காரணம் என்று சொல்லாத ஒரு பாதுகாப்பு அறிக்கையை வைத்து இங்கே வருஷக்கணக்கில் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். வாரா வாரம் அவனைப் போய்ப் பார்த்து வந்தவன் நரேன். அரசாங்கம் ஒரு கேள்வி கேட்டால் அதற்குப் பின்னால் என்ன இருக்கும் என்று பயப்பட அவனுக்குக் காரணம் இருந்தது. ‘இல்லை’ என்ற பெட்டியில் குறி போட்டான். பிறகு இணையத்தில் அப்பா பெயரைத் தேடிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. அப்போதுதான் புத்தகம் ஞாபகம் வந்தது. புத்தகத்தை இணையத்திலும் போடுவதாக நாங்கள் அறிவித்திருந்தோம்.

அப்பாவிடம் அவன் இரண்டு விஷயம் கேட்டான். புத்தகத்தில் பெயர் வரக்கூடாது. காரணத்தை யாரிடமும் சொல்லக்கூடாது. மெல்பர்னில் ஒருவருக்குச் சொன்னால் எல்லாருக்கும் சொன்ன மாதிரி என்றானாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகாதேவன் அங்கிள் வீட்டு முன்னறையில் நான் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். அச்சுக்குப் போக ஒரு வாரம் இருந்தது. அட்டைக்கு எந்த நிறம் என்று பேசிக்கொண்டிருந்தபோது கதிர்காமநாதன் அங்கிள் வந்தார். வழக்கமாகச் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துத் தாரகாவை விசாரித்துவிட்டுத்தான் உட்காருவார். அன்றைக்கு நேரே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“மகாதேவன், என்ர கட்டுரையை எடுத்துவிடு. உன்ர பகுதியிலயும் என்ர பேர் வேண்டாம்.”

மகாதேவன் அங்கிள் முதலில் விளையாட்டென்று நினைத்தார். பிறகு, எழுதியதில் ஏதும் பிழை கண்டுபிடித்துவிட்டாயா, திருத்துவோம் என்றார். பிழை இல்லை என்றார் இவர். வீட்டில் சில சிக்கல் என்றார். என்ன சிக்கல் என்றதற்குச் சொல்ல முடியாது என்றார்.

மகாதேவன் அங்கிள் தன் வளைந்த கையை மற்றக் கையால் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

“உன்ர ஆக்களுக்காகவோ?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியின் முழு அர்த்தம் எனக்கு அந்த நிமிஷத்தில் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. ரோவில்லில் இருக்கும் உன் சொந்தக்காரர்கள், உன் சாதிக்காரர்கள், நாளைக்குப் பேரப்பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேச வருகிறவர்கள், இவர்கள் முன்னால் நீ எங்களோடு நின்றது தெரியக்கூடாது என்பதற்காகவா என்று கேட்டிருக்கிறார்.

இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் அமெரிக்கா. அதைச் சொல்லமாட்டேன் என்று மகனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். கதிர்காமநாதன் அங்கிள் தரையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார். ஆம் என்றுதான் அதற்கு அர்த்தம்.

“சரி,” என்றார் மகாதேவன் அங்கிள். குரலை உயர்த்தவில்லை. என் பக்கம் திரும்பி, “பிள்ளை, அவர் சொன்ன மாதிரியே செய்து விடும்” என்றார். அதுவரை கதிர்காமநாதன் அங்கிளை அவர் ‘அவர்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை, ‘அவன்’தான். தாரகா தேநீர் கொண்டு வந்தபோது கதிர்காமநாதன் அங்கிள் எழுந்துவிட்டிருந்தார். போட்டு வாறன் என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே நான் அந்த வேலையைச் செய்தேன். பதினொரு பக்க அத்தியாயத்தை எடுத்துத் தனியே போட்டேன். மற்றப் பகுதியில் கதிர்காமநாதன் என்ற பெயர் பதினான்கு இடத்தில் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் ‘ஒரு நண்பர்’ என்று மாற்றப் பார்த்தேன். தமிழில் அது அவ்வளவு லேசில் முடியாது. கதிர்காமநாதனோடு என்று உருபு சேர்ந்த இடங்களைக் கட்டளை கண்டுபிடிக்கவில்லை. கதிர்காமநாதனின் சைக்கிள் அப்படியே நின்றது. ஒவ்வொன்றாகப் போய்க் கையால் திருத்தினேன். ஏன் என்று அவர்கள் இருவரில் ஒருவரையாவது கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். பெரியவர்கள் விஷயம், எனக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

மகாதேவன் அங்கிள் மெய்ப்புப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வரியைச் சேர்த்தார். அன்று என்னோடு நின்ற ஆசிரியர் தம் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அவர் விருப்பத்தை மதிக்கிறேன் என்று.

அந்த வரிதான் ஊர் வாயில் விழுந்தது. வெளியீட்டுக்கு நூறு பேருக்கு மேல் வந்தார்கள். கதிர்காமநாதன் அங்கிள் வரவில்லை. அந்த வாத்தியார் யார் என்று ஊகிக்க ஒருவருக்கும் கஷ்டமாக இல்லை. தேநீர் மேசையில் ஒருவர், ஐம்பது வருஷம் கழிந்தாலும் அந்த ஆக்களின்ர சாதிப் புத்தி அவையிட்டத்தான் இருக்கும் என்று சொன்னது என் காதில் விழுந்தது. மகாதேவன் அங்கிளும் பக்கத்தில்தான் நின்றார். மறுத்துப் பேசவில்லை.

அதன்பிறகு நூலகக் கூட்டத்தில் இரண்டு நாற்காலிகள் காலியாகின. கதிர்காமநாதன் அங்கிள் வருவதை நிறுத்தினார். அவர் வராததால்தானோ என்னவோ, மகாதேவன் அங்கிளும் வரவில்லை. நாலு மாதம் கழித்து, மார்ச்சில் ஒரு காலை, தோட்டத்துக் குழாயைத் திறந்துவிட்டு வந்து சோபாவில் உட்கார்ந்த மகாதேவன் அங்கிள் எழுந்திருக்கவில்லை. இருதயம்.

இறுதிச் சடங்குக்குக் கதிர்காமநாதன் அங்கிள் வந்தார். மண்டபத்தின் கடைசி வரிசையில் நரேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பேச விரும்புகிறவர்கள் முன்னால் வரலாம் என்றார்கள். ஆறேழு பேர் போய்ப் பேசினார்கள். இவர் போகவில்லை. போனால் என்ன சொல்லிப் பேசுவார்? அந்தக் கோயில் வாசலில் இவரோடு நின்றவன் நான் என்றுதானே தொடங்க வேண்டும்.

மே மாதத்தில் சயந்தினி ஒரு வக்கீலைப் பிடித்தாள். இலங்கைப் பொலிஸ் சான்றிதழ் வரத் தாமதமானதில் படிவம் இன்னும் அனுப்பப்படாமல் கிடந்தது. அனுப்புவதற்கு முன் அந்த வக்கீல் அம்மா வீடியோ அழைப்பில் வந்து ஒவ்வொரு கேள்வியாகச் சரிபார்த்தாள். அந்தக் கேள்வி வந்ததும் கதிர்காமநாதன் அங்கிள், நரேன் பதில் சொல்லுமுன்னமே, இருந்தேன் என்று சொல்லிவிட்டார். அவள் எப்போது விட்டீர்கள் என்று கேட்டாள். 1975 என்றார். அப்படியென்றால் கவலையே இல்லை, நீண்ட காலத்துக்கு முன்பே விட்டவர்களுக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது, உண்மையை எழுதுங்கள், ஒரு வரி விளக்கம் போதும், பொய் சொன்னால்தான் வம்பு என்றாள். அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

இதை அவர் எனக்கு நூலகத்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார். என்னைப் பார்க்க வேண்டும் என்று தொலைபேசியில் கூப்பிட்டிருந்தார். முதன்முறையாகக் காரணம் முழுவதையும் அன்றைக்குத்தான் கேட்டேன்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்றும் சொன்னார். உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்காவைப் பிடித்த பயம் அது. எங்கும் கம்யூனிஸ்ட், அரசாங்க அலுவலகத்தில், பள்ளிக்கூடத்தில், சினிமாவில். ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நீ கட்சியில் இருக்கிறாயா, எப்போதாவது இருந்தாயா, கூட இருந்தவர்கள் யார் யார் என்று கேட்டார்கள். பேர் சொன்னவர்கள் பிழைத்தார்கள், சொல்லாதவர்களுக்கு வேலை போனது. பயப்படுகிறவனிடம் வாக்கு வாங்குவது சுலபம் என்று அரசியல்வாதிகள் கண்டுகொண்டார்கள், கட்சி வித்தியாசம் இல்லாமல். 1952-ல் குடிவரவுச் சட்டத்திலும் அதை எழுதி வைத்தார்கள். அந்த ஆட்கள் எல்லாம் செத்துப் போனார்கள். கேள்வி மட்டும் படிவத்தில் இருக்கிறது.

“உதெல்லாம் நான் இருபத்திரண்டு வயசில வாசிச்சது பிள்ளை. வகுப்பு எடுத்திருக்கிறன். ஆக்கள் தெருவில சிநேகிதனைக் கண்டா மற்றப் பக்கம் மாறிப் போவினமாம், கடிதங்களை எரிப்பினமாம். என்ன கோழையள் எண்டு நினைச்சனான்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “என்னை ஒருத்தரும் கூப்பிட்டு விசாரிக்கேல்லை. ஒருத்தரும் வெருட்டேல்லை. ஒரு பெட்டி, அதில ஒரு புள்ளடி. அவ்வளவுக்குத்தான் நான் மகாதேவனுக்கு அப்படித் தலையாட்டினனான்.”

நானும் அந்த அறையில்தான் இருந்தேன் என்று மட்டும் சொன்னேன்.

ஆகஸ்டில் நேர்காணல் சிட்னியில் அமெரிக்கத் துணைத்தூதரகத்தில் நடந்தது. ஸ்ட்ராத்ஃபீல்டில் உறவினர் வீட்டில் தங்கி, நரேனோடு போனார். கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் நின்ற அதிகாரிக்கு முப்பது வயதுகூட இருக்காது என்றார். கட்சியில் இருந்தீர்களா, ஓம். எப்போது விலகினீர்கள், 1975. ஏன் விலகினீர்கள், கல்யாணம் கட்டினேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு, மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டாளாம். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை என்றார். விசா கிடைத்தது. வெளியே வந்து ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது நரேன் அழுதிருக்கிறான். ஸொரி அப்பா என்று இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டானாம். அவன் என்ன செய்வான், தலையாட்டினது நான்தானே என்றார் என்னிடம்.

கிளம்புவதற்கு முன் தாரகாவிடம் போய்ச் சொல்லவேண்டும் என்றார். தனியாகப் போகத் தயக்கம், என்னையும் கூப்பிட்டார். அதே முன்னறை. மகாதேவன் அங்கிளின் படத்துக்கு மாலை இல்லை, அவர் அதெல்லாம் வேண்டாமென்று சொல்லியிருந்தார். கதிர்காமநாதன் அங்கிள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். படிவம், மகன், வாக்குக் கொடுத்தது, அந்தத் தலையாட்டல். சொல்லச் சொல்ல அவருக்குக் குரல் இறங்கிக்கொண்டே போனது.

தாரகா முழுவதையும் கேட்டுவிட்டுப் பேசினாள்.

“அமெரிக்காவுக்காக எண்டு சொல்லியிருந்தா அப்பா சிரிச்சிருப்பார் அங்கிள். உங்களை ஒரு கிழமை பகிடி பண்ணியிருப்பார். பேரைத் தானே வெட்டிப்போட்டு, ‘சரி, போய்ச் சேர்’ எண்டிருப்பார்.”

“ஓம்,” என்றார் அவர். “எனக்கு அது தெரியும்.”

“கடைசி நாலு மாசம் உங்களைப் பற்றி ஒரு கதையும் கதைக்கேல்லை. கோவமெண்டா ஏசியிருப்பார். எனக்கு அப்பாவைத் தெரியும். அவர் தன்னைத்தான் யோசிச்சவர். இவ்வளவு காலமும் நான் ஆளைப் பிழையா விளங்கி வைச்சிருந்தனானோ எண்டு.”

பதினொரு பக்கமும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, இரண்டாம் பதிப்புப் போடலாம், பெயர்களை எல்லாம் திரும்பப் போட்டுவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அதைச் சொல்லத்தான் நாங்கள் இருவருமே வந்திருந்தோம். தாரகா யோசிக்காமல் மறுத்தாள். அது அப்பா வாசித்து, சரி பார்த்து, அச்சடித்த புத்தகம். அவர் நம்பியது எதுவோ அதுதான் அதில் இருக்கிறது. அவர் இல்லாத நேரத்தில் அதை நாம் மாற்ற வேண்டாம் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தேநீர் தந்தாள், குடித்தோம். வாசல் வரைக்கும் வந்து, கவனமாப் போட்டு வாங்கோ அங்கிள் என்றாள்.

அக்டோபர்க் கூட்டத்துக்கு அவர் வந்தார், ஒரு வருஷத்துக்குப் பிறகு. எட்டுப் பேர் இருந்தோம். எழுந்து நின்று, புத்தகத்தில் வரும் ஆசிரியர் நான்தான், பெயர் வேண்டாமென்றது சாதிக்காக அல்ல, விசாவுக்காக, சாதியைவிட விசா மேலான காரணமென்று சொல்ல வரவில்லை என்றார். உட்கார்ந்துவிட்டார். அறையில் ஒருவர் இருமினார். பிறகு ஒருவர், அப்ப விசா வந்திட்டுதோ என்று கேட்டார். வந்திட்டுது என்றார். எந்த விமானத்தில் போகிறீர்கள், அங்கே குளிர் எப்படி என்று பேச்சு போய்விட்டது. வெளியீட்டன்று தேநீர் மேசையில் பேசியவர் அன்று வரவில்லை. நூறு பேர் கேட்டதை எட்டுப் பேரிடம் திருத்தினால் எவ்வளவு தூரம் போகும்?

இப்போது நியூ ஜெர்சியில் இருக்கிறார். சயந்தினி நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். எங்கள் கூட்டத்துக்கு இணையத்தில் வருவார், அவருக்கு அங்கே வெள்ளிக்கிழமை மாலை. கேமராவை நிறுத்தி வைத்திருப்பார். பெயர் மட்டும் ஒரு கறுப்புக் கட்டத்தில் தெரியும். ஒற்றுப்பிழைகளை மின்னஞ்சலில் அனுப்புகிறார்.

மகாதேவன் அங்கிளின் முதலாண்டு நினைவுக்குத் தாரகா வீட்டில் சிலரைக் கூப்பிட்டிருந்தாள். சடங்கு கிடையாது, சாப்பாடும் பேச்சும்தான். வந்திருந்த செய்திகளைப் போனிலிருந்து ஒவ்வொன்றாக வாசித்தாள். லண்டனிலிருந்து ஒருவர், கனடாவிலிருந்து இருவர். நான் பக்கத்தில் நின்றதால் அடுத்த செய்தி யாருடையது என்று தெரிந்தது. கதிர்காமநாதன் என்று முழுப் பெயர், கீழே நாலைந்து வரி. அவள் அதைத் தனக்குள் வாசித்தாள். இரண்டாம் தரமும் வாசித்தாள். போனை அணைத்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

“பிறகு பாப்பம் அக்கா,” என்று என்னிடம் மெல்லச் சொல்லிவிட்டு, சாப்பிட வரச்சொல்லி எல்லாரையும் கூப்பிட்டாள்.